ரெய்டரை எங்கே பிடித்தார்கள்?

கபடி பார்ப்பீர்களா என்று கேட்டால் பாதிப் பேர் ‘கில்லி’ என்கிறார்கள். மீதிப் பேர் இப்போது ‘பைசன்’ என்கிறார்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசனின் பெயர் அந்தப் படத்தால் இந்தத் தலைமுறையின் காதில் விழுந்ததே பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டது படத்தை இல்லை, ஆட்டத்தை. ஆட்டம் என்றதும் முகம் சுளிக்கிறது: “தொட்டா ஓடறான், புடிச்சா வுழறான். இதுல பாக்கறதுக்கு என்னண்ணா இருக்கு?”

இப்படிக் கேட்கிறவன் யாரென்று பார்த்தால், ஐ.பி.எல். ஏலத்தன்று சோறு தண்ணி இல்லாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். எந்த அணி யாரை எவ்வளவுக்கு எடுத்து ஏமாந்தது என்று டீக்கடையில் வகுப்பெடுக்கிறவன். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தம்பி, உனக்குப் பிடித்த அந்த வாதம் கபடியில் இன்னும் காரமாக இருக்கிறது. கிரிக்கெட்டில் விலை ஸ்கோர்கார்டில்தான் தெரியும். கபடியில் கண்ணுக்கு நேரே கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்திருக்கும்.

முதலில் விதிகள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பத்து ரெய்டு பார்த்தால் தானாகப் பழகிவிடும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஏழு பேர். இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. ரெய்டர் என்கிற ஒருவன் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய் 30 நொடிக்குள் திரும்ப வேண்டும். தொட்ட தலைக்கு ஒரு புள்ளி. ரெய்டரைப் பிடித்துவிட்டால் எதிரணிக்கு ஒன்று. எதிரே ஆறு பேராவது நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒன்று. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு. எல்லாரும் காலியானால் ஆல் அவுட், கூடுதலாக இரண்டு. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ‘டூ ஆர் டை’, புள்ளி எடுக்காமல் வந்தால் ரெய்டர் அவுட். பால்க் கோடு, லாபி எல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விதியை மட்டும் மனதில் அழுத்திவைத்துக்கொள்ளுங்கள். அவுட்டானவன் வெளியே உட்கார வேண்டும். ஆல் அவுட் ஆகாதவரை, தன் அணி எதிராளி ஒருவனைத் தொட்டோ பிடித்தோ வெளியேற்றினால்தான் உள்ளே வர முடியும், அதுவும் அவுட்டான வரிசைப்படி. போனஸ் புள்ளியால் யாரும் உயிர்பெற்று வர மாட்டார்கள். நான் சொல்லப்போகிற அத்தனையும் இந்த ஒரு விதியின்மேல்தான் நிற்கிறது.

விஷயத்துக்கு வருவோம். புரோ கபடி லீக்கில் ஒரு ரெய்டர் அணிக்குள் வர இரண்டு வாசல் உண்டு. ஒன்று ஏலம். ஏ, பி, சி, டி என்று பிரிவு, பிரிவுக்கு ஓர் ஆரம்ப விலை, அணிக்கு இவ்வளவுதான் என்று ஒரு பண வரம்பு. பழைய அணிக்கு ஆளை விட மனமில்லை என்றால் கடைசிக் கேள்விக்குச் சமமாகப் பணம் வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும் எஃப்.பி.எம். அட்டையும் இருக்கிறது. இன்னொரு வாசல் என்.ஒய்.பி., அதாவது ‘நியூ யங் பிளேயர்’. ஜூனியர் தேசியப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, தேர்வு முகாம் என்று அலைந்து, யாருக்கும் தெரியாத பையனைப் பிடித்து, ஏலத் தொகையோடு பார்த்தால் சில்லறை என்று சொல்லத்தக்க சம்பளத்துக்கு ஒப்பந்தம் போடுவது.

இந்த இரண்டு வாசலில் எது நல்லது என்பதுதான் கபடிக்காரர்களின் தீராத சண்டை. ரெய்டரைப் பிடிக்கிற கேட்சருக்கு இந்தச் சண்டை அவ்வளவு சூடாக வராது. ரெய்டருக்குத்தான் வரும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் கேட்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். கூட்டின் நிறத்தையும் கெட்டியையும் பார்த்து விலை சொல்லிவிடலாம், நூல் எவ்வளவு வரும் என்பது சுற்றும்போதுதான் தெரியும் என்பார்கள். ரெய்டரும் அப்படித்தான். போன சீசன் புள்ளியைப் பார்த்துக் கோடி கொடுக்கிறார்கள். முட்டியில் எத்தனை ரெய்டு மிச்சம் இருக்கிறது என்று எந்தப் பட்டியலிலும் போட்டிருக்காது.

2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் லீக்குக்குள் வந்ததிலிருந்து ஒருமுறைகூட பிளே-ஆஃப் பார்த்திராத நம் தமிழ் தலைவாஸ் அணி, அந்த ஆகஸ்டில் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அந்த வருட வரம்பே 4 கோடியே 40 லட்சம்தான். பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு! பவன் சாதாரண ஆள் இல்லை. 2019-ல் ஒரே ஆட்டத்தில் 39 ரெய்டு புள்ளி எடுத்தவர். அக்டோபர் 8, முதல் ஆட்டம், குஜராத்துக்கு எதிராக. முதல் பாதியிலேயே எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போய் முட்டியில் அடி. சீசன் முடிந்தது. ரெய்டுக்காக வாங்கிய ஆள், ரெய்டில் கூட விழவில்லை, பார்த்தீர்களா.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. என்.ஒய்.பி.யாக வந்த நரேந்தர் என்ற ஹரியானா பையன், முதல் சீசன், அந்தப் பாரத்தைத் தோளில் வாங்கினான். 243 ரெய்டு புள்ளி. அறிமுக சீசனில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அஷன் குமார் பயிற்சியாளராக நடுவில் வந்தார், அணி முதல்முறையாக பிளே-ஆஃப் போனது, உ.பி. யோதாஸை டை-பிரேக்கரில் சாய்த்து அரையிறுதிக்குப் போய் புனேயிடம்தான் தோற்றது. 2019-ல் ராகுல் சவுதரி, அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர் என்று நட்சத்திரங்களை வரிசையாக நிறுத்திக் கடைசி இடம் பிடித்த அதே அணி!

“அப்போ பவன் வேஸ்டாண்ணா?” என்று குதிக்காதீர்கள். ஆட்டக்காரர் மேல் எனக்குக் குறையே இல்லை. குறை, ஒரே தலைமேல் பணத்தைக் கொட்டுகிறவர்கள்மேல். அந்த உயிர்பெறும் விதிக்குத் திரும்புங்கள். கோடி ரூபாய் ரெய்டரைக் கணுக்காலைப் பிடித்து ஒரு ஆங்கிள் ஹோல்டில் மடக்கிவிட்டால், அவர் வெளியே. இனி அவரை உள்ளே கொண்டுவரப் போவது யார்? மிச்சம் நிற்கிற குறைந்த சம்பளக்காரர்கள். அவர்களுக்குச் செலவழிக்கக் காசு வைத்திருந்தீர்களா? இல்லை. எதிரணிப் பயிற்சியாளருக்கும் இது தெரியும். அதனால் அவருடைய திட்டமே, பெரிய ரெய்டரைச் சீக்கிரம் பிடித்து நீண்ட நேரம் உட்காரவைப்பது. ஆகையால் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம்: ரெய்டர் உள்ளே இருக்கும்போது பார்ப்பது சுலபம், அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் நிமிடங்களைப் பாருங்கள். அந்த நேரத்தில் யார் ரெய்டு போகிறார், போனஸோடு திரும்பிவிடுகிறாரா, துணிந்து தொடப் போகிறாரா என்று பாருங்கள். போனஸ் எடுத்தால் ஸ்கோர் ஏறும், பெரியவர் உள்ளே வர மாட்டார். இரண்டு போனஸ் எடுத்துவிட்டுத் தொடையைத் தட்டுகிற இரண்டாம் ரெய்டரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்து, ‘டூ ஆர் டை’க்கு யாரை அனுப்புகிறார்கள்? பெரும்பாலும் பெரியவரை அனுப்ப மாட்டார்கள், அவர் அவுட்டானால் நஷ்டம் பெரிது. இளசு ஒருத்தன் போவான். அவன் வாழ்க்கையே அந்த 30 நொடிதான். அங்கேதான் அடுத்த வருட நட்சத்திரம் தெரியும். நவீன் குமார் 2018-ல் டெல்லி அணிக்குள் இளம் ஆளாக வந்தவர். அடுத்த சீசனில் 300 ரெய்டு புள்ளியைத் தாண்டினார், தொடர்ந்து 21 ஆட்டத்தில் பத்துக்குக் குறையாமல் எடுத்தார். டிவி வர்ணனையில் ‘புயல், சுனாமி, எரிமலை’ என்று கத்துகிறார்களே தவிர, இந்தப் பையன் எந்த வாசல் வழியாக வந்தான் என்று ஒருவர் சொல்வதில்லை. வானிலை அறிக்கைக்குத் தனி சேனல் இருக்கிறது அய்யா.

ரீல்ஸ் பார்த்துக் கபடி பேசுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டுப்கி போட்டுக் கைகளுக்கு அடியில் புகுந்து வருவதை மட்டும் வெட்டி ஒட்டி, பின்னால் ஒரு குத்துப்பாட்டு. அந்த டுப்கிக்குப் பேர்போன பர்தீப் நர்வால் 2017 சீசனில் 369 ரெய்டு புள்ளி எடுத்தவர். 2021-ல் உ.பி. 1 கோடியே 65 லட்சம் கொடுத்தது. 2025 ஏலத்தில் கேட்க ஆளில்லை, ஓய்வை அறிவித்தார். 1,800 ரெய்டு புள்ளியைத் தாண்டிய மனிதர்! ரீல்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரெய்டரின் உடம்புக்கு இருக்கிற காலம் அவ்வளவுதான். கணுக்காலிலும் முட்டியிலும் ஏழு பேர் தொங்குகிற வேலை அது.

ஆனால் என்.ஒய்.பி. கட்சிக்காரன் என்பதற்காக ஒரு உண்மையை மறைக்க மாட்டேன். முதல் சீசன் புதுப் பையனுக்கு ஒரு சலுகை இருக்கிறது, அவன் காலை யாரும் படித்திருக்க மாட்டார்கள். எந்தக் காலில் ஊன்றி எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியாது. அடுத்த சீசனுக்குள் எல்லா அணியும் வீடியோ பார்த்துவிடும். ஓரத்தில் நிற்கும் கார்னர் கேட்சர் அரை அடி முன்னால் வந்து நிற்பார். அந்த அரை அடியில் பலர் காணாமல் போனார்கள். நரேந்தரே அடுத்த சீசனில் 243-ஐத் தொடவில்லை. ஆகவே முதல் வருடத்தைக் கைதட்டிப் பாருங்கள், இரண்டாம் வருடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்.

அமெரிக்காவிலும் இதே சண்டைதான். முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடும் அவர்கள் ஊர்க் கால்பந்தில் ‘ரன்னிங் பேக்’ என்று ஒரு இடம். அவனும் அடிபட்டுத் தேய்கிற ஆள்தான். கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மலிவாக எடுப்பதா, ஒப்பந்தம் முடிந்து வெளியே நிற்கும் பெரிய பெயருக்குப் பணம் கொட்டுவதா என்று அங்கும் மண்டை உடைகிறது. ரன்னிங் பேக்குக்குக் காசு கொடுக்காதே என்று விமர்சகர்கள் ஓதிக்கொண்டிருந்தபோது, 2018 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட சேகுவான் பார்க்லியை நியூயார்க் ஜெயன்ட்ஸ் 2024-ல் கைவிட்டது. பிலடெல்பியா ஈகிள்ஸ் பணம் கொடுத்து எடுத்தது. அந்த சீசனில் 2,005 கெஜம் ஓடினார், அணி சூப்பர் பவுல் என்ற பட்டத்தையே வென்றது. என் எதிர்க்கட்சிக்காரர்கள் இதைத்தான் ஆயுதமாகத் தூக்குவார்கள். தூக்கட்டும். பார்க்லிக்கு வழி உடைத்துக் கொடுத்த முன்வரிசைத் தடியர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். சுவர் கட்டிவிட்டுக் கதவு வாங்கினால் யார் குறை சொல்வார்கள்?

கபடியில் அந்தச் சுவர் கார்னர், கவர் கேட்சர்கள். 2023 ஏலத்தில் இரண்டு அணிகள் என்ன செய்தன என்று பாருங்கள். தெலுங்கு டைட்டன்ஸ் பவனை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. புனேரி பல்டன் 2 கோடியே 35 லட்சத்தை ஈரானின் முகமதுரேசா ஷாத்லூயிக்குக் கொடுத்தது. அவர் இடது கார்னரில் நின்று பிடிக்கிற ஆள். புனேவின் ரெய்டை அஸ்லம் இனாம்தாரும் மோஹித் கோயத்தும் பார்த்துக்கொண்டார்கள், இருவரும் அந்த அணியிலேயே இளசுகளாக வளர்ந்தவர்கள். டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் இரண்டு வென்று கடைசி. புனே சாம்பியன். அடுத்த சீசனில் ஷாத்லூயி ஹரியானாவுக்குப் போனார், ஹரியானா சாம்பியன். ரெய்டரை வளர், கேட்சரை வாங்கு. என் கட்சியின் கொள்கை இவ்வளவுதான்.

“தமிழ் தலைவாஸ்ல தமிழன் எங்கே?” என்று வருடா வருடம் ஒரு கூட்டம் கிளம்பும். அதில் பாதிப் பேர் மாவட்டப் போட்டி ஒன்றைக்கூட நின்று பார்த்திருக்க மாட்டார்கள். வெளிமாநிலத்துக்காரன் வந்து நம் அணிக்காக முட்டியை உடைத்துக்கொள்கிறான், அவனை வெளியாள் என்கிறோம். இருந்தாலும், உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அந்த ஆசை எனக்கும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து சேரலாதன் 2016-ல் பாட்னாவுக்குத் தலைமை தாங்கிக் கோப்பையைத் தூக்கியது கேட்சராக. நம் மாநிலத்து ஆட்கள் பிடிப்பதில் எப்போதுமே கில்லாடிகள். எனக்கு வேண்டியது ஒரு ரெய்டர், அதுவும் எங்கள் தருமபுரியின் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்திலிருந்து. 2025 பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கத்தோடு வந்தபோது, நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன குறைச்சல் என்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன். கால் வேகம் இருக்கிறது. பழக மேட் விரிப்பு இல்லை. ராகி அறுத்த காட்டில் வெறுங்காலோடு பழகியவன், ஷூ போட்டு மேட் மேல் திரும்பும்போது கால் பிடித்துக்கொள்கிறது. தேர்வாளர்களுக்கு அந்த ஒரு நொடித் தடுமாற்றம் போதும், பெயரை அடித்துவிடுவார்கள்.

டிவி சீசன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தை மாதம் ஊர்ப் போட்டிக்கு வாருங்கள். இந்த ஏலச் சண்டையின் அசல் வடிவம் அங்கேதான் நடக்கிறது. முதல் பரிசுத் தொகை பெரிதாக இருந்தால் சில அணிகள் காசு கொடுத்து வெளியூர் ரெய்டரை இறக்கும். ஊர்ப் பையன் உட்காரவைக்கப்படுவான், அவன் மாமன் மச்சான்கள் மைக் செட் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருப்பார்கள். யார் வெளியூர் ஆள் என்று கேட்டால் கமிட்டியில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். விருந்தினர் நாற்காலியில் உட்காராதீர்கள், அங்கே சால்வைதான் தெரியும். கடைக்கோட்டுப் பக்கம், கார்னர் கேட்சரின் கால் தெரிகிற இடத்தில் நின்றுகொள்ளுங்கள். ரெய்டர் அவுட்டாகும்வரை பொறுங்கள். ஊர்ப் பையன் என்றால் கோட்டுக்கு வெளியே குந்தியபடியே, “ரைட்ல வாடா, கால புடி!” என்று கேட்சர்களைத் திட்டித் தொண்டை கட்டிப்போவான். வெளியூர்க்காரன் தண்ணி பாட்டில் எங்கே என்று தேடுவான்.