விஷத்தை ஏந்தும் பெண்

இவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. படங்களில் கனத்த தூணாகத் தெரிந்த காஸ்ஃபோர்த் சிலுவை, நேரில் இளம் பாக்கு மரம் மாதிரி நிற்கிறது. சுற்றிலும் கல்லறைகள், ஈரப் புல், பக்கத்தில் தேவாலயம். ஒரே செம்மணற்கல்லில் செதுக்கிய 4.4 மீட்டர் உயரம். பத்தாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நட்ட கல் இன்றும் வெட்டவெளியில்தான் இருக்கிறது. கூட வந்த அக்கா ஏதோ கேட்டாள். எனக்குக் காதிலேயே விழவில்லை.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியாவில் இருக்கிறது காஸ்ஃபோர்த். கடலோர ரயிலில் வந்து சீஸ்கேலில் இறங்கி, ஒரு மணி நேரம் நடந்தோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் குடியேறிய வைக்கிங் மக்கள், தங்கள் பழைய தெய்வக் கதைகளோடு வந்தவர்கள். இங்கே கிறிஸ்தவம் அவர்களைத் தொட்டது. அந்தத் தொடுதல் நடந்த காலத்தின் கல் இது.

அடித்தண்டு உருண்டை. மேலே போகப் போகச் சதுரமாகிறது. அந்த மாற்றத்துக்குச் சற்றுக் கீழே மரப்பட்டை போல அடுக்கடுக்காக வளையப் பின்னல். உலகத்தையே தாங்குவதாக வைக்கிங்குகள் நம்பிய பெருமரத்தைச் சிற்பி நினைத்தான் என்று சிலர் சொல்வார்கள். கல்லின் முன்னால் நின்றபோது எனக்கும் மரம்தான் தோன்றியது. உச்சியில் வளையம் சூழ்ந்த சிறிய சிலுவைத் தலை.

மேற்கு முகத்தின் அடியில் இருக்கும் சிற்பத்துக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். அங்கே வைக்கிங் கதைகளின் தந்திரக்காரத் தெய்வம் லோகி கட்டுண்டு கிடக்கிறான். அழகுத் தெய்வம் பால்டரின் சாவுக்குக் காரணமானவன் என்பதால் தெய்வங்கள் அவனைப் பாறையில் கட்டிப்போட்டு, முகத்துக்கு மேலே விஷம் சொட்டும் பாம்பைத் தொங்கவிட்டார்கள். அவன் மனைவி சிகின் பக்கத்திலேயே இருந்து, சொட்டும் விஷத்தைக் கிண்ணத்தில் ஏந்துகிறாள். கிண்ணம் நிறைந்ததும் கொட்டப் போவாள். அந்த இடைவெளியில் ஒரு சொட்டு அவன் முகத்தில் விழும். அவன் துடிக்கிற துடிப்பில் பூமி அதிரும். நிலநடுக்கத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் அதுதான்.

இத்தனையும் ஒரு சிறிய கட்டத்துக்குள். புல்லில் முழங்காலிட்டு, முகத்தைக் கல்லருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். மாலை வெயில் சாய்ந்து விழுந்ததும் புடைப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. முதலில் கிண்ணம், பிறகு அதை ஏந்திய கை, பிறகு அவள் கூந்தல். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "அந்தப் படுபாவிக்கு வாய்த்த பெண்டாட்டியைப் பாரேன்" என்றாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டர்லுசன் இந்தக் கதையை எழுதி வைத்தது 1220 வாக்கில். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, எழுத்து ஒன்றுகூட இல்லாமல், இந்த ஊர்ச் சிற்பி அதைக் கல்லில் சொல்லிவிட்டான். புத்தகத்துக்கு மூத்த கல்! அதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

கிழக்கு முகத்தில் கிறிஸ்து. கைகளை விரித்தபடி நிற்கிறார், ஆனால் சிலுவை மரமே இல்லை. கீழே ஈட்டிக்காரன் ஒருவன், எதிரே நீள உடை தரையில் புரளும் பெண். அதற்கு மேலே, தெய்வங்களின் தலைவனான தன் தந்தை ஓடினை விழுங்கிய ஓநாயின் வாயில் கால் வைத்து, தாடையைக் கையால் பிளக்கிறான் விதார். பழைய தெய்வங்களின் முடிவையும் புதிய தெய்வத்தின் வெற்றியையும் காட்டத்தான் இப்படி என்று அறிஞர்கள் பலர் வாசிக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் சிகினை அவ்வளவு பொறுமையாகச் செதுக்கியவனுக்குப் பழைய கதைமேல் பகை இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

காலப்போக்கில் இந்த உருவங்களின் பொருள் மறந்தே போயிருந்தது. 1880களில் சார்லஸ் அருண்டேல் பார்க்கர் என்ற தொல்பொருள் ஆர்வலர்தான் இவை வைக்கிங் கதைகள் என்று அடையாளம் கண்டார். தொல்லியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்ல அவர். இந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்குக் கைகூப்ப வேண்டும்.

தேவாலயத்துக்குள்ளும் போகத் தவறாதீர்கள். ஓட்டு வீடு போலச் செதுக்கிய வைக்கிங் காலக் கல்லறைக் கற்கள் இரண்டு, படகில் இருந்து உலகப் பாம்புக்குத் தூண்டில் போடும் இடித்தெய்வம் தோரின் பலகைக்கல் ஒன்று. அந்தப் பலகைக்கல் வேறோர் ஊரில் இருந்திருந்தால் அதைப் பார்க்க மட்டுமே கூட்டம் வரும்.

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சிலுவையின் அச்சு வார்ப்பு இருக்கிறது. நல்ல வார்ப்புதான், நானும் பார்த்திருக்கிறேன். அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். காஸ்ஃபோர்த்துக்கே போங்கள். வெயில் உள்ள மாலையாகப் பார்த்துப் போங்கள், மேற்கு முகம் அப்போதுதான் பேசும். மேல் உருவங்களுக்கு ஒரு பைனாகுலர் வேண்டும். கல்லைத் தொடாதீர்கள். மழையும் பனியும் அதை நாளுக்கு நாள் தேய்த்துக்கொண்டிருக்கின்றன.