ஹெரால்டின் ஆக்சிலரேட்டர் ராடு: எது அசல்?

பழைய வண்டிக்கு உதிரிபாகம் தேடுகிறவர்களிடம் 'ஒரிஜினல்' என்ற சொல்லே தீர்ப்பாகப் புழங்குகிறது. அதை அளவுகோலாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கால்மிதியிலிருந்து கார்ப்பரேட்டர் வரை செல்லும் சிறு தொகுதியை, அதாவது ராடு, கை, பால் ஜாயின்ட், ரிட்டர்ன் ஸ்பிரிங் ஆகியவற்றை, வைத்து இதைச் சோதிக்கலாம். களம், கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதை. கள்ளக்குறிச்சி நெடுஞ்சாலையில் மறைந்துகொள்ளும் குறை, கொண்டை ஊசி வளைவில் மறையாது.

ஹெரால்டுக்கு இரண்டு மரபுகள். மிக்கெலோட்டி வரைந்த வடிவம் 1959இல் இங்கிலாந்தில் ட்ரயம்ப் பெயரில் வந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் அதைத் தயாரித்தது. அங்கே எஞ்சின் 1147 சிசி, 1296 சிசி என வளர்ந்து, 13/60 மாடலில் ஸ்ட்ராம்பெர்க் கார்ப்பரேட்டரும் ஏறியது. இங்கே நான்கு கதவு வைத்த பிறகும் 948 சிசி எஞ்சினும் சோலெக்ஸ் கார்ப்பரேட்டரும்தான். ஆண்டை மட்டும் சொல்லி இங்கிலாந்து வியாபாரியிடம் வாங்குபவர் தவறுவது இந்த இடத்தில். 1969ஆம் ஆண்டு ஹெரால்டு என்று கேட்டால் வேறோர் எஞ்சினுக்கான பாகம் வந்து சேரலாம். வார்ப்பும் முலாமும் நேர்த்தியாக இருக்கும். கை நீளம் நம் சோலெக்ஸுக்கு ஒவ்வாது. எஞ்சினையும் கார்ப்பரேட்டரையும் சொல்லிக் கேட்டவருக்கு இந்த வழி நல்ல வழியே, செலவுதான் கூடுதல்.

சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும், பழைய வண்டியிலிருந்து கழட்டிய சாமானின் பலம் வடிவம். ராடின் நீளமும் வளைவும் கையின் அளவும் வரைபடத்தில் இருந்தபடியே வந்து சேர்கின்றன. வேறெந்த வழியிலும் இவ்வளவு நம்பகமாக இவை கிடைப்பதில்லை. குறை, மூட்டுகளில். உருண்டை ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், குழி அகன்றிருக்கும், பின் துளை நீள்வட்டமாகியிருக்கும். நான்கு மூட்டில் அரை மில்லிமீட்டர் வீதம் பிளே இருந்தால், மிதியை அழுத்தியதில் முதல் இரண்டு மில்லிமீட்டர் கார்ப்பரேட்டருக்குப் போய்ச் சேராது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் பாதி த்ராட்டிலை நிலையாகப் பிடிக்க வேண்டிய காலுக்கு இந்தத் தொய்வு பெரிய இடைஞ்சல்.

அடுத்தது உள்ளூர் லேத்துப் பட்டறை. கரும்பாலைக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் பாகம் கடைந்து பழகிய கைகளின் திறமையில் ஐயமில்லை. புஷ்ஷும் பின்னும் அவர்கள் கடைவது பழைய பாகத்தை விடத் துல்லியமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களிடம் நாம் கொடுப்பது தேய்ந்த மாதிரி. ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் செல்லரித்த இடத்தையும் விடாமல் எழுதிவைத்தது போல, பட்டறை தேய்மானத்தையும் சேர்த்துப் படியெடுத்துவிடுகிறது. பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் துணிந்த பதிப்பாசிரியரின் முறைதான் இங்கும் செல்லுபடியாகும்: இரண்டு மூன்று பழைய ராடுகளை அருகருகே வைத்து, தேயாத பரப்புகளிலிருந்து அளவெடுத்து, அந்த அளவைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த உழைப்பு நம்முடையது. பட்டறையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பட்டறை வேலையில் நான் மன்னிக்காத பிழை ஒன்று உண்டு. பால் ஜாயின்டுக்குப் பதில் சாதாரண பின் போட்டுத் தருவது. மிதி உடலோடு நிற்கிறது. எஞ்சினோ ரப்பர் மவுன்ட் மேல் எல்லாத் திசையிலும் ஆடுகிறது. பின் ஒரே தளத்தில்தான் மடங்கும். எஞ்சினின் ஆட்டம் ராடு வழியே த்ராட்டிலுக்குப் போய் வண்டி குலுங்கும், அல்லது மூட்டு சிக்கிக்கொள்ளும்.

கடையில் கிடைக்கும் புது பால் ஜாயின்ட் மலிவு, சுத்தம். அதன் மரையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அந்தக் காலப் பிரிட்டிஷ் மரபில் வரும் 10-32 மரையின் விட்டம் 4.83 மில்லிமீட்டர், எம்5 மரைக்கு 5 மில்லிமீட்டர். இரண்டின் மரை இடைவெளியும் ஏறக்குறைய 0.8. எனவே 10-32 தண்டில் எம்5 நட்டு சொகுசாக ஏறும், இறுகியது போலவும் தோன்றும். பிடிப்பு மட்டும் இருக்காது. முற்றிலும் பொருந்தாத பாகம் இதைவிடப் பாதுகாப்பானது, ஏனெனில் அது மேசையிலேயே நம்மைத் தடுத்துவிடும்.

என் தீர்ப்பு இது. ராடும் கையும் கழட்டிய சாமானாகவே இருக்கட்டும். புஷ்ஷும் பின்னும் அளவு கொடுத்து லேத்தில் கடைந்தவையாக இருக்கட்டும். பால் ஜாயின்ட் மரை சரிபார்த்த புதியது. ஸ்பிரிங் மட்டும் எந்த நிலையிலும் பழையது கூடாது, அது எவ்வளவு 'ஒரிஜினல்' ஆனாலும். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது காலை எடுத்ததும் த்ராட்டில் மூடினால்தான் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். மூடாவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல்.

பொருத்திய பின் ஹெரால்டின் முன்பகுதியை முழுதாகத் தூக்கித் திறந்து வைத்து, எஞ்சினை அணைத்த நிலையில் ஒருவர் மிதிக்க, மற்றவர் கார்ப்பரேட்டரின் கையைப் பார்க்க வேண்டும். மிதி தரையைத் தொடும்போது முழுதும் திறக்கிறதா, விட்டதும் தானாக ஐடிலிங் ஸ்க்ரூவில் வந்து முட்டுகிறதா? பிறகு எஞ்சின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு இதையே மீண்டும் ஒருமுறை.