சொற்களைச் சுருக்கிய நடிகர்

கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்று, வேண்டிய அளவு பேசி, விலகிச் செல்பவர்களைக் குணச்சித்திர நடிகர்கள் என்கிறோம். நல்ல சொல்தான். எனினும் அவர்களுள் பெரும்பாலோர் நமக்குச் சித்திரத்தைத் தருகின்றனரே அன்றி, குணத்தைத் தருவதில்லை. அமெரிக்கக் கௌபாய்ப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடித்த பென் ஜான்சன் (1918–1996) இரண்டையும் தந்தவர்.

அவர் ஓக்லஹோமா மாநிலத்தின் மாட்டுப் பண்ணைகளில் வளர்ந்தவர். ‘தி அவுட்லா’ என்னும் படத்திற்காகக் குதிரைகளைக் கொண்டுசென்று சேர்க்கும் வேலையே அவரை ஹாலிவுட்டுக்கு இட்டுச் சென்றது. பின்னர் நட்சத்திரங்களுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழும் பணி கிட்டியது. ‘ஃபோர்ட் அப்பாச்சி’ படப்பிடிப்பின்போது, மிரண்டோடிய குதிரைகள் இழுத்துச் சென்ற வண்டியில் சிக்கியவர்களை அவர் காப்பாற்ற, அதைக் கண்ட இயக்குநர் ஜான் ஃபோர்டு அவரை நடிகராக ஒப்பந்தம் செய்துகொண்டார். ‘வேகன் மாஸ்டர்’ (1950) படத்தைக் காண்போர்க்கு அவரது இயல்பு விளங்கும். பிறர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்வதைப்போல அவர் குதிரைமேல் அமர்ந்திருப்பார்.

‘ரியோ கிராண்டே’ படப்பிடிப்பில் ஃபோர்டுடன் மனத்தாங்கல் ஏற்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேலாக அழைப்பே வரவில்லை. ஜான்சன் 1953-இல் திரையுலகை விட்டு, இருவர் சேர்ந்து ஓடும் காளையைக் கயிறு வீசிப் பிடிக்கும் ரோடியோப் போட்டியில் இறங்கி, அவ்வாண்டே உலகச் சாம்பியன் ஆனார். பட்டம் கிடைத்ததே தவிரப் பணம் மிஞ்சவில்லை. தேய்ந்துபோன ஒரு காரும் கோபங்கொண்ட மனைவியுமே மிச்சம் என்று பிற்காலத்தில் அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மீண்டும் திரைக்கே திரும்பினார். ‘கன்ஸ்மோக்’, ‘தி மன்ரோஸ்’ போன்ற தொலைக்காட்சித் தொடர்களில் கிடைத்ததைச் செய்தார். அவற்றுள் பலவும் அவசரத்தில் சமைத்த உணவு, விரித்துரைக்க ஒன்றுமில்லை.

1971-இல் வந்தது ‘தி லாஸ்ட் பிக்சர் ஷோ’. டெக்சாஸ் மாநிலத்தில் பொலிவிழந்துவரும் ஒரு சிற்றூர். அங்கே உணவகம், பில்லியர்ட்ஸ் கூடம், திரையரங்கு மூன்றையும் நடத்தும் முதியவர் சாம். இப்பாத்திரத்தை ஜான்சன் முதலில் மறுத்துவிட்டார். வசனம் அதிகம், அதிலும் தகாத சொற்கள் மிகுதி என்பது அவர் குறை. இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் முதிய ஃபோர்டிடம் முறையிட, ஃபோர்டே தொலைபேசியில் பேசி அவரை இணங்கவைத்தார். தம் பகுதியிலிருந்த தகாத சொற்களை நீக்கிக்கொள்ள அனுமதி பெற்ற பின்னரே ஜான்சன் நடித்தார்.

இங்கே நியாயமானதொரு கேள்வி எழும். இரண்டாண்டுகளுக்கு முன் ‘தி வைல்டு பஞ்ச்’ படத்தில் ஈவிரக்கமற்ற கொள்ளையனாக நடித்தவர்தாமே இவர்? கொலை செய்து நடிக்கலாம், வசை பேசி நடிக்கலாகாதா? இந்த முரண்பாட்டை மழுப்பிப் பயனில்லை. நாவைத் தூயதாக வைத்திருப்பதால் மட்டும் ஒரு கலைப்படைப்பு உயர்ந்துவிடாது. ஆயினும் இப்படத்தில் அவரது பிடிவாதம் பாத்திரத்திற்கே வலிமை சேர்த்தது என்பது என் முடிவு. சான்று, படத்திலேயே இருக்கிறது.

வாய்பேசாத, அறிவு வளர்ச்சி குன்றிய பில்லி என்னும் சிறுவனை ஊர் இளைஞர்கள் கேளிக்கைக்காக ஒரு விலைமகளிடம் தள்ளிவிட்டு, மூக்கில் குருதி வழியத் திருப்பிக் கொண்டுவருகின்றனர். சாம் அவர்களைக் காண்கிறார். அடிக்கவில்லை, வசைபாடவில்லை. தம் மூன்று வாசல்களும் இனி அவர்களுக்கு அடைக்கப்பட்டன என்று மட்டும் கூறுகிறார். கொச்சை மொழியே புழங்கும் ஊரில் ஒருவர் மட்டும் அதைப் பேசாதபோது, அவர் சொல்லுக்கு எத்துணைக் கனம்! பின்னர் சானி என்னும் இளைஞனை மன்னிக்கவும் செய்கிறார், அதிலும் ஆரவாரமில்லை.

மற்றொரு காட்சி, ஊருக்கு வெளியே உள்ள குளக்கரை. மீன்பிடிக்கும் சாக்கில் அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே தம்முடன் நீந்திய பெண்ணைப் பற்றி சாம் சொல்கிறார். முறையற்ற காதல்தான். அவர் அதை நியாயப்படுத்தவும் இல்லை, போலியாக வருந்தவும் இல்லை. காமிரா மெல்ல அவர் முகத்தை நெருங்கி, மெல்லப் பின்வாங்குகிறது. அம்முகத்தில் பாவனை என்று சுட்டிக்காட்ட ஒன்றுமே இல்லை.

திரையில் அவர் தோன்றுவது பத்து நிமிடத்திற்கும் குறைவே. அதற்குத்தான் 1972-இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் கிடைத்தது. சாம் இறப்பதையும் நாம் காண்பதில்லை. மெக்சிகோ சென்று திரும்பும் இளைஞர்களோடு நாமும் செவிவழிச் செய்தியாகவே அறிகிறோம். அதன்பின் படம் வெறுமையாகிறது. அவ்வெறுமையை நாம் உணர்வதே அவர் நடிப்பின் வெற்றி.

இறுதியில் அவ்வூர்த் திரையரங்கும் மூடப்படுகிறது. அங்கே கடைசியாகக் காட்டப்படும் படம் 1948-இல் வெளியான ‘ரெட் ரிவர்’ என்னும் கௌபாய்ப் படம். அதே ஆண்டில் வெளியான ‘ஃபோர்ட் அப்பாச்சி’யில் பென் ஜான்சன், முகம் தெரியாமல், ஹென்றி ஃபோண்டாவுக்குப் பதிலாகக் குதிரையேறியிருந்தார்.