ஹோப் உதவித்தொகை: ஒரு கழித்தல் கணக்கு

அட்லாண்டா பக்கம் ஐடி வேலையில் இருக்கிற நண்பர்கள் வீட்டில், பிள்ளைகள் ஹைஸ்கூல் போனாலே ‘ஹோப்’ பேச்சு வந்துவிடும். ஜார்ஜியா மாநில அரசின் உதவித்தொகை அது. பள்ளியில் ‘பி’ சராசரி வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குக் காசு கொடுப்பதில் என்ன தப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சூசன் டைனார்ஸ்கி 2000-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையைப் படித்தபிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

லாட்டரிப் பணத்தில் 1993-இல் தொடங்கிய திட்டம். முதல் வருடம் குடும்ப வருமானம் 66,000 டாலருக்குள் இருக்கவேண்டும். அடுத்த வருடம் அது ஒரு லட்சம் ஆனது. 1995-இல் வரம்பே போய்விட்டது.

விஷயம் கழிக்கிற இடத்தில் இருக்கிறது. ஏழை மாணவருக்கு மத்திய அரசின் பெல் கிராண்ட் உண்டு. அன்றைய விதிப்படி, பெல் எவ்வளவோ அவ்வளவை ஹோப்பில் கழித்துவிடுவார்கள். பெல்லே கட்டணத்தை அடைத்துவிட்டால், ஹோப்பில் மிஞ்சுவது புத்தகத்துக்கான சின்னத் தொகைதான். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கழிக்க எதுவும் இல்லை. கட்டணம் முழுக்க ஹோப்பிலிருந்து வரும். விண்ணப்பமும் அப்படித்தான்: வருமானம் 50,000 டாலருக்கு மேல் என்றால் ஒரு பக்கம், கீழே என்றால் நாலு பக்கம். எங்கள் வேலையில் இப்படி ஒரு லாஜிக் வந்தால் டெஸ்டிங்கிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பக்கத்து மாநிலங்களோடு ஒப்பிட்டு, 18-19 வயதினரின் கல்லூரிச் சேர்க்கை 7.0 முதல் 7.9 சதவீதப் புள்ளி கூடியது என்கிறார் டைனார்ஸ்கி. கூடவே, ஏழை-பணக்காரர், கறுப்பர்-வெள்ளையர் இடைவெளியும் விரிந்ததாகச் சொல்கிறார்.

எனக்கு ஒரு குறை உண்டு. இடைவெளி விரிந்தது பெல் கழித்தலாலா, படிவத்தாலா, ‘பி’ சராசரியாலா? மூன்றும் ஒரே நேரத்தில் அமலில் இருந்ததால் தனித்தனியாகப் பிரிப்பது கஷ்டம். இது முக்கியம், ஏனென்றால் பெல் கழித்தலைப் பின்னாளில் எடுத்துவிட்டார்கள். மார்க் நிபந்தனை அப்படியே இருக்கிறது. நல்ல பள்ளி, டியூஷன், அமைதியான வீடு எல்லாம் சேர்ந்துதான் அந்த மார்க் வருகிறது.

இன்னொன்று உறுத்துகிறது. வருமானத்தில் பெரிய பங்கை லாட்டரிச் சீட்டுக்குச் செலவழிப்பவை ஏழை வீடுகள். அந்தக் காசில்தான் நம்ம பிள்ளைகளின் கட்டணம் போகிறது. அடுத்த தடவை நண்பர் வீட்டில் ‘ஹோப்’ பேச்சு வரும்போது, வாழ்த்தோடு இதையும் சொல்லத்தான் வேண்டும்.