றப் இசையின் முதற் பெண் குழு: 'த சீக்குவன்ஸ்' பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு கலைவடிவத்தின் தொடக்கத்தை எங்கே காண்கிறோம் என்பது, யாரை அதன் முன்னோடிகளாக ஏற்கிறோம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. அமெரிக்கக் கறுப்பின இளைஞரிடையே தோன்றிய ஹிப்-ஹொப் பற்றிய வரலாறுகள் இதற்குத் தக்க சான்றாகும். 1973 ஓகஸ்ற் 11ஆந் திகதி நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியில் கூல் ஹேர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தே அதன் தொடக்கம் என்பர். அவ்விருந்தை ஒழுங்கு செய்தவர் அவருடைய சகோதரி சின்டி கம்பல் என்பது நெடுங்காலம் அடிக்குறிப்பளவிலேயே நின்றது.

பெண்களால் மட்டுமே அமைந்த ஒரு குழு வெளியிட்ட முதல் றப் இசைத்தட்டு பிறொங்ஸிலிருந்து வந்ததன்று. தென் கரோலைனா மாநிலத்தின் கொலம்பியா நகரைச் சேர்ந்த செறில் குக், க்வென்டொலின் சிசம், ஏஞ்சலா பிறவுண் ஆகிய மூவருமே 'த சீக்குவன்ஸ்' குழுவினர். 1979இல் 'சுகர்ஹில் காங்' குழுவினர் அந்நகருக்கு நிகழ்ச்சி நடத்த வந்தபோது, இம்மூவரும் மேடைக்குப் பின்னே சென்று சில்வியா றொபின்சனிடம் பாடிக் காட்டினர். சுகர் ஹில் நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவரும் தயாரிப்பாளருமான அவர் உடனடியாகவே அவர்களை ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே 'ஃபங்க் யூ அப்' வெளிவந்தது.

இப்பாடலின் உருவம் ஊன்றி நோக்கத்தக்கது. மூவரும் முறைமாறித் தத்தம் பெயர் கூறி அறிமுகமாகின்றனர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடுக்கின்றார். இடையிடையே மூவரும் ஒன்றிணைந்து பல்லவியை இசைக்கின்றனர். தனியொருவர் தம் ஆற்றலைப் பறைசாற்றிப் பிறரை மடக்கும் போட்டியுரை மரபிலிருந்து இது வேறுபட்டது. இதன் வேர் பிறிதோரிடத்தில் உள்ளது. மூவரும் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் தாளத்துடன் ஊக்கக்குரல் எழுப்பும் மாணவியர் அணியில் இருந்தவர்கள். அப்பயிற்சியே பாடலின் தாளக்கட்டாகவும் உரையாடற் பாங்காகவும் வெளிப்படுகின்றது எனலாம். கறுப்பினச் சிறுமியரின் கைதட்டு விளையாட்டுகளும் கயிற்றாட்டப் பாடல்களும் அம்மக்களின் வெகுசன இசையோடு நெருங்கிய தொடர்புடையன என்பதை இசையியலாளர் கைரா கோன்ற் 2006இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். தெருமுனைப் போட்டிக்கு இணையாகப் பாடசாலை முற்றமும் றப்பின் பயிற்சிக்களமாக இருந்தது என்பதற்கு இவ்விசைத்தட்டு கண்கூடான சான்றாகும்.

இப்பாடலின் உள்ளடக்கம் கொண்டாட்டத்துக்கு அப்பாற் செல்லவில்லை என்பது உண்மையே. சமூக அவலத்தைப் பேசிய 'த மெசேஜ்' 1982இல் இதே நிறுவனத்திலிருந்து வெளிவந்தபின், றப்பைச் செய்தியால் மதிப்பிடும் போக்கு வலுப்பெற்றது. ஆயினும், 'சுகர்ஹில் காங்' 1979இல் வெளியிட்ட 'றப்பர்ஸ் டிலைற்' பாடலும் கொண்டாட்டப் பாடலேயன்றோ? அது அடித்தளமாகப் போற்றப்பட, சில மாதங்களுக்குள் வந்த 'ஃபங்க் யூ அப்' ஒரு வியப்புச் செய்தியாக மட்டும் குறிக்கப்படுவானேன்? அளவுகோல் உள்ளடக்கமாயின் இரண்டுக்கும் ஒரே தீர்ப்பே கிடைத்தல் வேண்டும். எனவே, புறக்கணிப்பின் காரணத்தைப் பாடலுக்கு வெளியே தேடவேண்டியவராகிறோம். பெண்கள் என்பதும், நியூயோர்க்குக்கு அப்பாற்பட்ட தென்மாநிலத்தவர் என்பதும், தனிநாயகர் எவருமற்ற குழுவினர் என்பதும் ஒன்றுசேர்ந்தே அவர்களை வரலாற்றின் ஓரத்துக்குத் தள்ளின.

பாடல் மறக்கப்படவில்லை, பாடியவர்களே மறக்கப்பட்டனர். மணியோசையை ஒத்த அதன் அசைத்தொடரை 1995இல் டொக்டர் ட்ரே தம் பாடலொன்றில் எடுத்தாண்டபோது கேட்டோர் பலர் அதன் மூலத்தை அறியார். 1980களின் நடுப்பகுதியில் குழு கலைந்தது. ஏஞ்சலா பிறவுண் பின்னர் அஞ்சி ஸ்ரோன் என்னும் பெயரில் சோல் இசைப் பாடகியாகப் புகழ்பெற்றார். 2025 மார்ச் 1ஆந் திகதி வீதி விபத்தொன்றில் காலமானார்.

பிறொங்ஸிலும் பெண்கள் இருந்தனர். 'ஃபங்கி ஃபோர் பிளஸ் வன்' குழுவின் ஷா-றொக், 'மேர்சடீஸ் லேடீஸ்' குழுவினர் ஆகியோர் 1970களிலேயே ஒலிவாங்கியைக் கையிற் கொண்டவர்கள். இவர்களுடைய பெயர்களை ஏற்கெனவே எழுதப்பட்ட வரலாற்றின் பின்னிணைப்பாகச் சேர்ப்பது போதாது. சிறுமியரின் விளையாட்டுப் பாடல்களை றப்பின் மூலங்களுள் ஒன்றாக ஏற்று, அத்தொடக்கத்திலிருந்தே அவ்வரலாற்றை மீள எழுதுதல் வேண்டும்.