திரும்பி வராத ஒலிகள்

ஆன்டன் வெபர்ன் 1911-13ல் எழுதிய ஆறு பகாட்டெல்கள் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்கானவை. ஆறும் சேர்ந்து ஐந்து நிமிஷம்கூட இல்லை. ஸொனாட்டாவில் முதலில் வந்த மெட்டு பின்னால் திரும்பி வரும். ஞாபகத்துக்கு அது பிடிமானம். வெபர்ன் அதைத் தருவதில்லை. ஒலித்தது ஒலித்ததுதான்.

இசைத்தட்டிலோ முள்ளை எடுத்து மறுபடி வைத்தால் போதும், எல்லாமே திரும்பி வந்துவிடுகிறது. அவர் மறுத்ததை யந்திரம் கொடுத்துவிடுகிறது. பத்தாவது தடவை கேட்கையில் அடுத்த ஒலி எங்கே விழும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. இந்தப் பரிச்சயத்தைப் புரிதல் என்று எண்ணிக்கொள்வது சௌகரியம். ஒவ்வொரு ஒலியையும் கேட்ட கணமே இழக்கச் சம்மதிப்பதுதான் இவ்விசை நம்மிடம் கோரும் சிரமம்; மனப்பாடமானதும் அது கழன்றுபோகிறது. ஆகவே ஒரு தடவை கேட்டு முள்ளைத் தூக்கிவிடுகிறேன். அடுத்தது, பாதி மறந்த பிறகு.