தெமோதரைச் சுற்று

இலங்கையின் மலைநாட்டில், பண்டாரவளைக்கு 1894இல் வந்த ரயில், பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. எல்ல ஊரைத் தாண்டியதும் மலை சடாரென்று இறங்குகிறது. தண்டவாளத்தால் அப்படி இறங்க முடியாது.

தெமோதரையில் அதற்கொரு வழி கண்டார்கள். ஸ்டேசனைவிட்டுக் கிளம்பும் ரயில், தேயிலைக் குன்றை வளையமாகச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. தலைப்பாகையின் கடைசிச் சுற்றை உள்ளே செருகுவதுபோல! படமெடுக்கும் கூட்டமோ சற்று முன்னாலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தோடு நின்றுவிடுகிறது. இரும்புச் சட்டமில்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாய் நிற்கும் பாலம், அழகுதான். என் ஓட்டு என்னவோ சுற்றுக்கே.

பதுளையோடு தண்டவாளம் முடிகிறது. பசறை, லுணுகலைத் தோட்டத்துச் சனங்கள் மூட்டை முடிச்சோடு பஸ் பிடிக்க ஓடவேண்டியதுதான்.